கையை விட்டால் வண்டி நிற்கிறதா? மின் சக்கர நாற்காலி: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

மின் சக்கர நாற்காலி ஓட்டுகிறவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவது பெரும்பாலும் வண்டி கிளம்பாத நாளில்தான். கிளம்பாத வண்டி எரிச்சலைத் தரும், ஆளைக் கீழே தள்ளாது. தள்ளுவதெல்லாம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காத வண்டியும் நேராகப் போகச் சொன்னால் ஒதுங்கிப் போகிற வண்டியும்தான். இந்தக் கோளாறுகள் ஒரே நாளில் வந்து நிற்பதில்லை. இன்று ஒரு விரற்கடை, அடுத்த வாரம் இரண்டு என்று கூடும். நம் கையும் கூடவே பழகிக்கொண்டு, வண்டியை ஓட்டும் குச்சியான ஜாய்ஸ்டிக்கை ஒரு நொடி முன்னதாகவே விட ஆரம்பித்துவிடும். "கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும், எனக்குப் பழகிப்போச்சு" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

ஆகவே ஆபத்து அதிகமான அறிகுறியை முதலில் வைத்திருக்கிறேன். வண்டி கிளம்பாத கதை பின்னால் வரும். சோதனைகளில் பாதியை உட்கார்ந்தபடியே செய்யலாம். குனிந்து பார்க்கவேண்டியதற்கும் தள்ளிப் பார்க்கவேண்டியதற்கும் துணைக்கு ஒருவர் வேண்டும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியைத் திறப்பது, மோட்டாரைக் கழற்றுவது, வேக அமைப்புகளை மாற்றுவது மூன்றும் மெக்கானிக் வேலை.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு மோட்டார், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பிரேக். அந்த பிரேக்கை ஸ்பிரிங் எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால்தான் விடும். ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதும் பின்னாலிருந்து 'டக்' என்று கேட்கிறதே, அது பிரேக் பிடியை விடும் சத்தம். நின்று ஒரு நொடி கழித்து இன்னொரு 'டக்', அது மறுபடி பிடித்துக்கொள்ளும் சத்தம். இந்த இரண்டையும் அமைதியான அறையில் ஒருமுறை காது கொடுத்துக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சத்தம் மாறினால் காதே சொல்லிவிடும்.

ஜாய்ஸ்டிக்கை விட்ட பிறகும் வண்டி போகிறது

இதில் மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று பிரித்துப் பார்க்காமல் "பிரேக் சரியில்லை" என்று சொன்னால் தவறான பாகத்தை மாற்றிவிட்டுப் போவார்கள்.

ஒன்று, சமதளத்தில் விட்ட பிறகு நீண்ட தூரம் ஓடி நிற்பது. ஓடும் வண்டியை நிறுத்துவது அந்த ஸ்பிரிங் பிரேக் இல்லை. கன்ட்ரோலர்தான் மோட்டாரை எதிர்த்து இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. எவ்வளவு சீக்கிரம் குறைக்கவேண்டும் என்பது உள்ளே எண்ணாகப் பதிந்திருக்கும். திடுக்கென்று நின்றால் உடம்பு முன்னால் சாய்கிறது என்று யாரோ எப்போதோ அதை மெதுவாக்கி வைத்திருக்கலாம். அளந்து பாருங்கள். தரையில் ஒரு கோடு, வழக்கமாக ஓட்டும் வேகம், முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது கையை விடவேண்டும். எங்கே நிற்கிறது என்று இன்னொரு கோடு. மூன்று முறை செய்து தூரத்தை எழுதி வையுங்கள். மணிக்கு 6 கிலோமீட்டர் என்பது கேட்க நடை வேகம் மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒரு நொடிக்கு 1.7 மீட்டர் போய்விடுவோம். மணிக்கு 10 என்றால் 2.8 மீட்டர். எதிரே குழந்தை ஓடி வந்ததைக் கண் பார்த்துக் கை விடுவதற்குள் போகிற தூரம் இது. வண்டி நிற்க எடுக்கும் தூரம் இதற்கு மேல்.

இரண்டு, நின்ற பிறகு சரிவில் மெல்ல நழுவுவது. ஸ்பிரிங் பிரேக் தேய்ந்திருந்தாலோ எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தாலோ இப்படி ஆகும். சோதிப்பது சுலபம். வண்டியில் யாரும் உட்காரக் கூடாது, இடம் சமதளமாக இருக்கவேண்டும். சுவிட்சை அணைத்து, இரண்டு மோட்டாரிலும் பிரேக்கை விடுவிக்க இருக்கும் லீவர்களை ஓட்டும் நிலையில் வைத்து, துணையாளரைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லுங்கள். அசையக் கூடாது. அப்புறம் ஒரு பக்க லீவரை மட்டும் தள்ளும் நிலைக்கு மாற்றித் தள்ளச் சொல்லுங்கள். பிடித்திருக்கும் சக்கரத்தைச் சுற்றி வண்டி வட்டமடித்தால் அந்தப் பக்க பிரேக் நன்றாக இருக்கிறது. அந்தச் சக்கரமும் சேர்ந்து உருண்டால் போய்விட்டது. மறுபக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு லீவரையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டோமா என்று கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். லீவர் தள்ளும் நிலையில் இருக்கும்போது பிரேக் என்று ஒன்று கிடையவே கிடையாது. சரிவுப்பாதையில் வைத்து லீவரை விடுவித்து "கொஞ்சம் தள்ளிவிடுகிறேன்" என்று உதவிக்கு வருகிற நல்ல மனிதர்களைப் பார்த்தால் அதனால்தான் நான் அலறுவேன். ஆளோடு சேர்த்து 200 கிலோவை நெருங்கும் வண்டி ஒருவர் கைக்கு அடங்காது.

மூன்று, கை விட்டாலும் ஜாய்ஸ்டிக் நடுவுக்குத் திரும்பாதது. குச்சியின் அடியில் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையைப் பாருங்கள். அது கிழிந்தால் தூசியும் உணவுத் துணுக்கும் வியர்வையும் உள்ளே இறங்கும். வண்டியை அணைத்துவிட்டுக் குச்சியை எட்டுத் திசையிலும் சாய்த்து விட்டுப் பாருங்கள். எந்தத் திசையிலிருந்தும் சோம்பலாகத் திரும்பினால் உறையையோ ஜாய்ஸ்டிக்கையோ மாற்றும்வரை வெளியே போகவேண்டாம். கிழிசலுக்கு டேப் ஒட்டுவது ஒரு வாரம் தாங்கும். ஆனால் டேப்பின் விறைப்பே குச்சியைத் திரும்பவிடாமல் செய்ததை என் வண்டியிலேயே பார்த்துவிட்டேன்.

சரி, ஓடும்போதே கட்டுப்பாடு போய்விட்டால்? முதல் வேலை கையை முழுசாக எடுத்துவிடுவது. பயத்தில் கை இன்னும் இறுகும். அதுதான் மனித இயல்பு, அதனால்தான் இதைப் பழகவேண்டும். எடுத்தும் நிற்கவில்லை என்றால் சுவிட்சை அணைக்கவேண்டும். அப்போது பிரேக் இரண்டும் ஒரேயடியாகப் பிடிக்கும், உடம்பு முன்னால் எறியப்படும். பெல்ட் போட்டுக்கொண்டு, மிகக் குறைந்த வேகத்தில், காலி இடத்தில் ஒரே ஒரு முறை செய்து பாருங்கள். சுவிட்சு விரலுக்கு எட்டுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். எட்டவில்லை என்றால் தனியாக ஒரு பெரிய பட்டனை எட்டும் இடத்தில் பொருத்தித் தருகிறார்களா என்று கேளுங்கள்.

நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கிறது

இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்காக கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஜார்ஜ் கிளைன் குழுவினர் உருவாக்கிய மின் நாற்காலியிலேயே ஜாய்ஸ்டிக்கும் இருந்தது, சக்கரத்துக்குச் சக்கரம் தனி இயக்கமும் இருந்தது. இன்றும் அடிப்படை அதுதான். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றினால் நேர், வேகம் வேறுபட்டால் திருப்பம். எனவே ஒரு சக்கரம் எந்தக் காரணத்தால் பின்தங்கினாலும் வண்டி அந்தப் பக்கம் திரும்பும்.

முதலில் தரையைச் சந்தேகப்படுங்கள். மழைநீர் வடிய நடைபாதையைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்துத்தான் போடுவார்கள். ஒரே இடத்தில் போய், திரும்பி, அதே கோட்டில் வாருங்கள். போகும்போது இடது பக்கமும் வரும்போது வலது பக்கமும் இழுத்தால் குற்றவாளி தரை. இரண்டு முறையும் இடது பக்கமே இழுத்தால்தான் வண்டியைப் பார்க்கவேண்டும்.

அடுத்தது டயர். காற்றடைக்கும் டயராக இருந்தால் எவ்வளவு அழுத்தம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். விரலால் அமுக்கிப் பார்ப்பது கணக்கில் வராது, அழுத்தமானியால் இரண்டையும் அளங்கள். காற்று குறைந்த டயரின் சுற்றளவு சிறுத்துப்போகும், அந்தப் பக்கம் வண்டி சாயும். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் வழுக்கை டயர் என்று ஓட்டினாலும் இதே கதை. மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள்.

பிறகு மோட்டார் இல்லாமல் தானாகத் திரும்பும் சின்னச் சக்கரங்கள். இங்கேதான் பெரும்பாலும் விடை கிடைக்கும், இங்கேதான் யாரும் பார்ப்பதில்லை. துணையாளர் கீழே உட்கார்ந்து சின்னச் சக்கரத்தின் அச்சு இரண்டு பக்கமும் கவையில் சேரும் இடத்தைப் பார்க்கட்டும். தலைமுடி, நூல், கம்பளி நார் எல்லாம் சேர்ந்து கறுப்பு வளையம் மாதிரி இறுகியிருக்கும். சிறு கத்தரிக்கோலால் ஒரு இடத்தில் வெட்டி, இடுக்கியால் உரித்து எடுக்கவேண்டும். ஒருமுறை என் சக்கரத்திலிருந்து உருவியதைச் சுருட்டினால் கோலிக்குண்டு அளவு வந்தது. அதன் பிறகு இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த 'மோட்டார் கோளாறு' காணாமல் போயிற்று.

இவ்வளவும் சரியாக இருந்தும் இழுத்தால் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு மோட்டார் உறைக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். சட்டென்று தொட்டுவிடாதீர்கள், சுடும். ஒன்று வெதுவெதுப்பாகவும் இன்னொன்று கொதித்தும் இருந்தால், கொதிக்கும் பக்கத்தில் பிரேக் முழுசாக விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. பிரஷ் வைத்த மோட்டாராக இருந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்தும் ஒரு பக்கம் பலவீனமாகும்; விட்டு விட்டு உதறுவதும் கருகிய வாடையும் அதற்கு அடையாளம். இது மெக்கானிக்கிடம் போகவேண்டிய இடம்.

பின்னோக்கி வந்துவிட்டு முன்னால் கிளம்பும் முதல் நொடியில் மட்டும் வண்டி பக்கவாட்டில் வெட்டினால் அது பழுதில்லை. பின்னால் வரும்போது சின்னச் சக்கரங்கள் எதிர்த்திசைக்குத் திரும்பி நிற்கும். முன்னால் போகும்போது அவை அரைவட்டம் சுழன்றாகவேண்டும். அந்தச் சுழற்சியில்தான் மூக்கு ஒரு பக்கம் எகிறுகிறது. லிஃப்டுக்குள் பக்கத்தில் நிற்பவரின் கால் விரல்மேல் ஏறுவது பாதி நேரம் இந்த நொடியில்தான். ஜாய்ஸ்டிக்கைத் துளி அசைத்து, சக்கரம் சுழன்று முடிந்த பிறகு வேகம் கொடுங்கள்.

திருப்பத்தில் வால் வீசுகிறது, அல்லது நேர்பாதையில் பாம்பு மாதிரி நெளிகிறது

மோட்டார் சுழற்றும் பெரிய சக்கரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் இருந்தால் வண்டியின் எடையில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும். வேகத்தில் திரும்பினால் பின்பகுதி வெளியே வீசும். அதைச் சரிக்கட்ட எதிர்த்திசையில் அசைத்தால் மறுபக்கம் வீசும். இந்த வகை வண்டியில் வேகத்தைக் குறைத்த பிறகுதான் திருப்பவேண்டும். பெரிய சக்கரம் பின்னால் இருக்கும் வண்டி வேகத்தில் நேராக நிற்கும், ஆனால் வளைய நிறைய இடம் கேட்கும். நடுவில் இருந்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். ஒரு வகைக்குப் பழகிய கை இன்னொரு வகையில் முதல் மாதம் கதவு நிலையை இடித்துக்கொண்டேதான் இருக்கும்.

வண்டி மாறாமல் கை மட்டும் மாறியிருந்தால், அதாவது நடுக்கம் கூடியிருக்கிறது, தசை திடீரென்று இழுக்கிறது என்றால், மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுகிற அன்றே வண்டியின் அமைப்புகளைப் பற்றி மெக்கானிக்கிடமும் பேசுங்கள். உச்ச வேகம், வேகமெடுக்கும் விதம், திரும்பும் வேகம், நடுக்கத்தை வடிகட்டும் அளவு என்று பல வண்டிகளில் தனித்தனியாக மாற்ற முடியும். "வேகத்தைக் குறைத்துவிடுங்கள்" என்று மொத்தமாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. உச்ச வேகத்தை அப்படியே வைத்துத் திரும்பும் வேகத்தை மட்டும் குறைத்தால் போதும் என்கிற நிலை நிறைய பேருக்கு உண்டு. சாலையைக் கடக்க வேகமும் வேண்டியிருக்கிறதே.

சரிவில் ஏறும்போது முன்பக்கம் தூக்குகிறது

முதுகுப்பக்கம் என்ன தொங்குகிறது? பை, தண்ணீர் பாட்டில், மடிக்கணினி, மழைச்சட்டை. பின்புறக் கைப்பிடியில் தொங்கும் எட்டு கிலோ பின்னச்சுக்கு வெளியே தொங்குவதால் சரிவில் அதன் வேலையைக் காட்டும். பையை இருக்கைக்கு அடியிலோ மடியிலோ வையுங்கள். இருக்கையைப் பின்னால் சாய்த்திருந்தால் நேராக்குங்கள், உயர்த்தியிருந்தால் இறக்குங்கள். பின்னால் கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்கள் இருக்கிறதா என்றும் பாருங்கள். படியில் இடிக்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்திருப்பார்கள், வைத்தவருக்கே மறந்துபோயிருக்கும்.

அப்புறம் சரிவையே அளங்கள். நிலையான சரிவுப்பாதைக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 12-க்கு 1. அதாவது 1 மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளம், கோணம் 4.8 டிகிரி. இப்போது 30 சென்டிமீட்டர் உயரப் படிக்கு ஒன்றரை மீட்டர் மடக்குப் பலகையைப் போட்டால்? 11 டிகிரியைத் தாண்டிவிடும். எத்தனை டிகிரிவரை பத்திரம் என்று வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும். பல வண்டிகளுக்கு அந்த எண் 6-க்கும் 10-க்கும் நடுவில்தான். அது கூட ஈரமில்லாத, கெட்டியான தரைக்கு.

ஏறுவதும் இறங்குவதும் நேராக இருக்கவேண்டும். சரிவின் நடுவில் குறுக்கே திரும்பினால் எடை முழுக்க ஒரு பக்கச் சக்கரத்துக்குப் போகும். நடுவில் நிறுத்திவிட்டுச் சட்டென்று கிளம்புவதும் முன்பக்கத்தைத் தூக்கும்.

இறக்கத்தில் ஒரு வினோதமான அறிகுறி உண்டு: காலையில் முழு சார்ஜோடு கிளம்பி, முதல் இறக்கத்திலேயே வண்டி உதறி நின்றுவிடும், விளக்குகள் மின்னும். இறங்கும்போது மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கி பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் அதற்குப் போக இடமில்லை, மின்னழுத்தம் ஏறுகிறது, கன்ட்ரோலர் பயந்து அணைத்துக்கொள்கிறது. வேகத்தைக் குறைத்து இறங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் திரும்பத் திரும்ப வந்தால் பேட்டரி முனையில் வயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த இணைப்பும் இதே நாடகத்தை ஆடும்.

விளிம்பில், வாசற்படியில், தண்டவாளத்தில் மாட்டுகிறது

நடைபாதை விளிம்பை எப்போதும் 90 டிகிரியில் சந்திக்கவேண்டும். ஒரு சின்னச் சக்கரம் மட்டும் முதலில் ஏறினால் வண்டி முறுக்கிக்கொள்ளும், சக்கரம் திரும்பிப் பக்கவாட்டில் அடைத்துக்கொள்ளும். கால் வைக்கும் தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வையுங்கள். தட்டு விளிம்பில் மோதினால் வண்டி அங்கேயே நின்றுவிடும், நாம் நிற்கமாட்டோம்.

நடுச்சக்கர வண்டிக்கு இன்னொரு பொறி இருக்கிறது. சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் பள்ளத்தில் முன்னும் பின்னும் இருக்கும் சின்னச் சக்கரங்கள் மேடு பற்றிக்கொள்ள, நடுவில் இருக்கும் பெரிய சக்கரம் காற்றில் சும்மா சுழலும். ஜாய்ஸ்டிக்கை இன்னும் தள்ளிப் பயனில்லை. உடம்பை முன்னும் பின்னும் சாய்த்தோ, இருக்கையின் சாய்வை மாற்றியோ எடையைப் பெரிய சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தண்டவாளத்தைக் கடக்கும்போது தண்டவாளத்துக்கும் தரைக்கும் நடுவே ரயில் சக்கரத்துக்காக விட்டிருக்கும் இடைவெளி, நம் சின்னச் சக்கரத்துக்கு அளவெடுத்து வெட்டியது மாதிரி இருக்கும். செங்கோணத்தில், நிற்காமல், நடுவில் திசை மாற்றாமல் கடக்கவேண்டும். பாதை சாய்வாகக் குறுக்கிட்டால் முதலில் வண்டியை நேராக்கிக்கொண்டு பிறகு கிளம்புங்கள். மாட்டிக்கொண்டால் வண்டியைக் காப்பாற்றப் பார்க்காமல் உடனே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். லீவரை விடுவித்துத் தள்ள இரண்டு பேர் வேண்டும். தள்ள முடியவில்லையென்றால் உங்களை மட்டும் தூக்கிக்கொண்டு போகட்டும்.

எப்போதும் ஒரே பக்கக் கதவு நிலையை இடிக்கிறது

இழுப்புச் சோதனையில் வண்டி தேறிவிட்டது, ஆனால் இடது முழங்கை, இடது தட்டு, இடது கதவு நிலை மட்டும் அடிபடுகிறதா? ஜாய்ஸ்டிக் பெட்டியைத் தாங்கும் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நட்டு தளர்ந்து பெட்டி சில டிகிரி திரும்பியிருந்தால் நீங்கள் 'நேர்' என்று தள்ளுவது வண்டிக்கு நேராக இருக்காது. பிறகு உட்காரும் விதம். இடுப்பு ஒரு பக்கம் வழுகியிருந்தால் முன்கையின் கோணமே மாறிவிடும்.

இரண்டும் இல்லையென்றால் கொஞ்சம் தயங்கிச் சொல்லவேண்டிய விஷயம்: பார்வை. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குப் பார்வைப் புலத்தின் ஒரு பாதி மறைந்துபோகும். சிலருக்குக் கண் தெரிந்தும் ஒரு பக்கத்தில் இருப்பதை மூளை கவனிக்காது. பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது என்பதுதான் கொடுமை. தட்டில் ஒரு பக்கத்துச் சாப்பாடு மட்டும் மீதமாகிறது, ஒரு பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதெல்லாம் கூட இருப்பவர்கள் கண்ணில்தான் படும். இதை மெக்கானிக்கால் தீர்க்க முடியாது. மருத்துவரும் மறுவாழ்வு சிகிச்சையாளரும் பார்த்துவிட்டு, ஓட்டலாமா, எங்கே ஓட்டலாம் என்று சொல்லட்டும். பழைய மருந்தின் அளவு கூடியிருந்தாலோ தூக்கம் வரவைக்கும் மருந்து புதிதாகச் சேர்ந்திருந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தொடாமலே பாய்கிறது

'தொடாமலே' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் ஏதோ ஒன்று தொட்டதுதான். மேசைக்கு அடியில் நுழையும்போது மேசை விளிம்பு குச்சியைத் தள்ளும். வண்டி மேசையோடு சேர்ந்து முன்னால் போகும். போகப் போக விளிம்பு இன்னும் தள்ளும். கட்டிப்பிடிக்கக் குனிகிறவரின் தோள்பை, சட்டைக் கையின் தளர்ந்த முனை, மடியில் ஏறும் குழந்தையின் கை எல்லாம் இதையே செய்யும். மேசையில் நின்றவுடன் அணைப்பது, வண்டியிலிருந்து கட்டிலுக்கு மாறும் முன் அணைப்பது, யாராவது நெருங்கிப் பேச வந்தால் அணைப்பது. இந்த மூன்றும் வந்துவிட்டால் இந்தப் பிரிவை மறந்துவிடலாம்.

உண்மையிலேயே எதுவும் படாமல் அசைந்தால் இரண்டு சந்தேகம். ஜாய்ஸ்டிக்குக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அணைத்து உலர்த்தி மெக்கானிக்கிடம் காட்டும்வரை தொடாதீர்கள். 'இப்போ சரியா இருக்கே' என்பது உள்ளே துரு பிடிக்கும் காலம். மற்றது ரேடியோ அலை. 1990களில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தப் புகார்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. மீட்டருக்கு 20 வோல்ட் அளவு அலைப்புலத்தை வண்டி தாங்கவேண்டும் என்ற அளவுகோல் அப்போது பேசப்பட்டது. மின்காந்தத் தாக்கத்தைச் சோதிக்க, சக்கர நாற்காலிகளுக்கான சர்வதேச ஐஎஸ்ஓ 7176 தர வரிசையின் 21-ஆம் பகுதியே இருக்கிறது. இன்றைய வண்டிகள் தாங்கும். ஆனாலும் வாக்கி-டாக்கி போல அலை அனுப்பும் கருவி பக்கத்தில் இயங்கும்போது வண்டி துடித்தால் உடனே அணைத்து, இடத்தையும் கருவியையும் குறித்து வைத்துத் தயாரிப்பாளருக்குத் தெரிவியுங்கள்.

கிளம்பவே இல்லை, அல்லது நடுவழியில் நின்றுவிட்டது

நடுச்சாலையில் நின்றுவிட்டால் முதல் கவலை போக்குவரத்து. காரணத்தை ஓரத்துக்கு வந்த பிறகு தேடலாம். உதவிக்கு வருகிறவருக்கு லீவர் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். நான் இரண்டு லீவருக்கும் பக்கத்தில் அம்புக்குறி போட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

ஓரத்துக்கு வந்த பிறகு இந்த வரிசையில் பாருங்கள். சார்ஜர் இன்னும் செருகியிருக்கிறதா? செருகியிருந்தால் ஓடாது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். லீவர் ஏதாவது தள்ளும் நிலையில் இருக்கிறதா? சுவிட்சைப் போடும்போது கை ஜாய்ஸ்டிக் மேல் இருந்ததா? இருந்தால் வண்டி பூட்டிக்கொள்ளும். கையை எடுத்து, அணைத்து, மறுபடி போட்டால் விடும். ஜாய்ஸ்டிக்கிலிருந்து வரும் கேபிளின் செருகி கழன்றிருக்கிறதா? இவை நான்குமே காசு செலவில்லாதவை.

விளக்கு மின்னினால் எண்ணுங்கள். எத்தனை முறை மின்னி, இடைவெளி விட்டு, மறுபடி மின்னுகிறது என்பது ஒரு குறியீடு. நிறுவனத்துக்கு நிறுவனம் பொருள் மாறும், கையேட்டில் அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையேடு எப்போதும் வீட்டில்தான் இருக்கும், வண்டி எப்போதும் வெளியேதான் நிற்கும்.

நிற்கும்போது பேட்டரி விளக்குகள் முழுசாக இருந்து, ஏற்றத்தில் சட்டென்று பாதியாகி, நின்றதும் மறுபடி ஏறினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட். ஈய-அமில வகை என்றால் சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஓய்ந்த பிறகு ஒவ்வொன்றும் 12.7 வோல்ட் அளவில் காட்டவேண்டும், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் தெரிந்தால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகிறது என்று பொருள். இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். லித்தியம் பேட்டரிக்கு இந்த எண்கள் பொருந்தாது. அளக்கிறவர் மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அளக்கட்டும். ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவுதான் போடவேண்டும். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயர்.

வண்டி ஓடுகிறது, ஆனால் ஆமை வேகத்தில் என்றால் பெரும்பாலும் இருக்கை உயர்ந்தோ சாய்ந்தோ இருக்கிறது. கவிழாமலிருக்க வண்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு என்றால் மோட்டார் சூடு. பதினைந்து நிமிடம் நிழலில் நிறுத்துங்கள்.

நிறுத்தும்போது உடம்பு முன்னால் வழுகுகிறது

பெல்ட் வயிற்றின் மேல் ஏறிக் கிடந்தால் அது பெல்ட் இல்லை, ஆபத்து. இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குக் கீழே, தொடையின் மடிப்பை ஒட்டி இருக்கவேண்டும். இறுக்கிய பிறகு உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் போதும். வழுகல் தொடர்ந்தால் மெத்தையைப் பாருங்கள். நடுவில் குழி விழுந்த மெத்தை எல்லாரையும் முன்னால் தள்ளும்.

இந்த பெல்ட் உட்காரும் நிலைக்கானது. வேனில் ஏறும்போது இதை நம்பக் கூடாது. வண்டியை நான்கு முனைகளிலும் வார்களால் தரையோடு கட்டவேண்டும், முகம் வேன் போகும் திசையில் இருக்கவேண்டும், ஆளுக்கு வேனில் பொருத்திய தனி பெல்ட் வேண்டும். மோட்டார் வாகனத்தில் இருக்கையாகப் பயன்படுத்த உங்கள் வண்டி ஐஎஸ்ஓ 7176-ன் 19-ஆம் பகுதிப்படி சோதிக்கப்பட்டதா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால், முடிந்தவர்கள் வேனின் இருக்கைக்கே மாறிக்கொள்வது நல்லது.

மெக்கானிக் பார்க்கும்போது மட்டும் சரியாக ஓடுகிறது

எல்லாருக்கும் நடக்கும். இதற்கு மருந்து ஒரு சின்ன நோட்டு, அல்லது போனில் பேசிப் பதிந்த குறிப்பு. தேதி, தரை எப்படி இருந்தது, பேட்டரி விளக்கு எத்தனை, எத்தனை முறை மின்னியது, சூடாக இருந்ததா, அணைத்துப் போட்டதும் சரியானதா. கூட இருப்பவர் போனில் பத்து நொடி வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. "வண்டி சரியில்லை" என்று நான் சொன்ன நாட்களில் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று போய்விட்டார். "முழு சார்ஜ், இறக்கம், பத்து முறை மின்னியது, அணைத்துப் போட்டதும் ஓடியது, இந்த வாரம் மூன்றாவது தடவை" என்று சொன்ன அன்று, வண்டியைத் தொடாமலே பேட்டரி மூடியைக் கழற்ற ஸ்பானரை எடுத்தார். உள்ளே ஒரு முனையின் நட்டு விரலாலேயே சுழன்றது.